சேர்வராயன் மலை ஊர்ப்பெயர்களில் ‘காடு’: ஏற்காடு, மஞ்சக்குட்டை ஆகிய பெயர்களின் தோற்றமும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் வழங்கும் ஊர்ப்பெயர்களுள் ஏற்காடு, மஞ்சக்குட்டை ஆகிய இரண்டனையும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் மலைப்பெயர், நாட்டுப்பெயர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘ஏற்காடு’ என்பதன் ஈற்றில் நிற்கும் ‘காடு’ என்னும் சொல் இன்று வனம் என்ற பொருளிலேயே பெரிதும் விளக்கப்படுகிறது. ஆனால் சேலம், கொங்கு வட்டார வழக்கிலும் மலைவாழ் மக்களின் வேளாண் வழக்கிலும் அச்சொல் மானாவாரிப் பயிர்நிலத்தைக் குறிப்பதாகும். மலையின் பிற ஊர்ப்பெயர்களும் இப்பொருளையே உறுதிசெய்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கோதுமை விளையும் வட்டாரம் ஒன்றன் பெயர் வரலாற்றோடு ஒப்பிட்டு, பெயர் நிலத்தின் எந்நிலையைப் பதிவு செய்கிறது என்பதும், அதனைப் பிழையாக வாசிப்பதால் நேரும் விளைவு யாது என்பதும் இங்குக் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, சேர்வராயன் மலை, ஏற்காடு, மஞ்சக்குட்டை, காடு, சோலை, மலையாளி, வன உரிமை.

முன்னுரை

ஓர் ஊரின் பெயர் அவ்வூரில் முதலில் வாழ்ந்தோர் நிலத்தை எவ்வாறு கண்டனர் என்பதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றாகப் பல இடங்களில் அமைகிறது. கல்வெட்டோ செப்பேடோ கிடைக்காத மலைப்பகுதிகளில் இச்சான்றின் மதிப்பு மேலும் கூடுகிறது. தமிழில் இத்துறைக்கு அடித்தளமிட்ட ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ ஊர்ப்பெயர்களை நிலம், நீர், குடி, தெய்வம் என வகைப்படுத்திக் காட்டியது. அவ்வழியில் சமவெளி ஊர்ப்பெயர்கள் பல ஆராயப்பட்டுள்ளன. மலையூர்களின் பெயர்களோ பெரும்பாலும் சுற்றுலாக் கையேடுகளின் விளக்கத்தோடு நின்றுவிட்டன.

அவ்விளக்கங்களை அப்படியே ஏற்பது தகாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1842 இல் ஏற்காட்டுப் பகுதியைக் கண்டறிந்தார் என்ற செய்தி பல வெளியீடுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. மன்றோ 1820 முதல் ஆளுநராக இருந்து 1827 இல் காலமானவர். இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் மலையேறியிருக்க இயலாது. ஆண்டையே சரிபாராத விளக்கங்கள் சொற்பொருளைச் சரிபார்த்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே பெயர்களை ஒலி, புணர்ச்சி, வட்டார வழக்கு, நிலஅமைப்பு ஆகிய நான்கு அளவுகோல்களால் மீண்டும் நோக்க வேண்டியுள்ளது.

1. மலையும் மக்களும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேலம் நகருக்கு வடகிழக்கில் எழும் இம்மலையின் மேற்பரப்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேர்வராயன் கோயில் உள்ள உச்சி 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. சார்னோகைட் வகைப் பாறைகளால் ஆன இம்மலையின் உச்சிப் பரப்புகளில் அப்பாறை சிதைந்து உருவான செம்பாறாங்கல்லும் பாக்சைட்டும் காணப்படுகின்றன. இம்மண்ணின் நிறம் பின்னர் வரும் பெயர் விளக்கங்களுக்கு இன்றியமையாதது.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்தது. மலையாள மொழி பேசுவோரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று உடன்பிறந்தோர் புறப்பட்டு வந்தனர், மூத்தவராகிய பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும் ஏனைய இருவர் பிற மலைகளிலும் தங்கினர் என்பது இவர்களின் குடிவரவுக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இக்கதை இடம்பெற்றுள்ளது. இம்மக்கள் தம்மைக் காராளர் என்றும் கூறிக்கொள்வர். காராளர் என்பது மேகத்தை ஆள்வோர், அதாவது மழையை நம்பி உழுவோர் என்ற பொருளில் தமிழில் உழவரைக் குறிக்கும் பழஞ்சொல். பிறர் இட்ட பெயர் இவர்களை மலையோடு சேர்க்கிறது. தாம் ஏற்ற பெயர் உழவோடு சேர்க்கிறது. இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுவதிலும் நினைவிற்கொள்ளத் தக்கது.

2. சேர்வராயன்: தெய்வப்பெயரும் மலைப்பெயரும்

சேர்வராயன் என்பது மலையுச்சிக் குகைக்கோயிலில் வழிபடப்பெறும் தெய்வத்தின் பெயர். உடனுறையும் தெய்வம் காவேரி அம்மன். குகையிலிருந்து காவிரி தோன்றும் குடகுமலைவரை சுரங்கவழி உண்டு என்பது மக்கள் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவிற்கு மலையின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் கூடுகின்றனர். தெய்வத்தின் பெயரே மலைக்கு ஆகி வந்துள்ளது.

இப்பெயருக்குச் ‘சேர்வை’ என்னும் படைத்தலைமைப் பட்டத்தோடு ‘ராயன்’ சேர்ந்தது என்றும், ‘சேர அரையன்’ என்பதன் திரிபு என்றும் இருவகை விளக்கங்கள் கூறப்படும். இவற்றுள் இரண்டாவதே மொழியியல் நோக்கில் வலுவுடையது. ‘அரையன்’ என்பது அரசன், தலைவன் எனப் பொருள்படும். அது பட்டப்பெயர்களின் ஈறாக வரும்: பல்லவ + அரையன் என்பது பல்லவரையன் ஆனது. பிற்காலத்தில் ‘அரையன்’ ‘ராயன்’ எனத் திரிந்தபோது பல்லவராயன் என்றாயிற்று. காடவராயன் என்னும் பட்டமும் இவ்வமைப்பினதே. சேர + அரையன் என்பது வகர உடம்படுமெய் பெற்றுச் சேரவரையன், சேரவராயன் எனத் திரிந்து, இடையிலுள்ள அகரம் கெட்டுச் சேர்வராயன் ஆதல் இயல்பு. அருகிலுள்ள கல்வராயன் மலையின் பெயரும் ‘வராயன்’ என்றே முடிவது நோக்கத்தக்கது. ஒரே வட்டாரத்தில் ஒரே ஈறு கொண்ட இரு மலைப்பெயர்களுக்குப் பொருந்தும் விளக்கம், ஒன்றற்கு மட்டும் பொருந்தும் விளக்கத்தினும் ஏற்புடையது.

ஆங்கிலேயர் இதனைச் ‘ஷெவராய்ஸ்’ என்றனர். ரகர மெய் மறைந்து, ஈற்றில் பன்மை விகுதி ஏறிய இவ்வடிவத்தில் தெய்வத்தின் சாயல் முற்றிலும் நீங்கி, குன்றுகளின் தொகுதி என்ற பொருளே எஞ்சியது. ஒரே பெயர் ஒரு வழக்கில் வழிபடப்படும் ஒருவரையும், மற்றொரு வழக்கில் வரைபடத்தில் அடங்கும் பரப்பையும் குறிக்கலாயிற்று.

3. ஏற்காடு: இரு விளக்கங்கள்

ஏற்காடு என்பது ‘ஏரி’, ‘காடு’ என்னும் இரு சொற்களின் கூட்டு என்பதே பரவலாக வழங்கும் விளக்கம். ஊரின் நடுவே இயற்கையான ஏரி இருப்பதால் இவ்விளக்கம் உடனே மனத்தில் பதிகிறது. இதனை ஏற்போர் ‘ஏரி சூழ்ந்த வனம்’ எனப் பொருளுரைப்பர்.

ஒலிநிலையில் இதற்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘ஏரி’ முன்வரும் கூட்டுச்சொற்களில் இகரம் பொதுவாகக் கெடுவதில்லை. ஏரிக்கரை என்பது பேச்சில் ‘ஏரிக்கர’ என ஒலிக்கும், ‘ஏர்க்கரை’ ஆவதில்லை. ஊர்ப்பெயர்கள் மிகுதியாகப் பயில்வதால் தேய்ந்து குறுகுவதும் உண்மையே. எனினும் அத்தேய்வை ஏற்றால் மட்டுமே இவ்விளக்கம் நிலைபெறும்.

மற்றொரு விளக்கம் ‘ஏர்’ என்னும் உழுபடைப் பெயரை முதனிலையாகக் கொள்வது. ஏர் + காடு என்பது எவ்வகைத் தேய்வும் இன்றி ஏர்க்காடு ஆகும். இன்றைய எழுத்துவழக்கில் வல்லின றகரம் இருப்பது இதற்குத் தடையாகாது. றகர மெய்யின்பின் வல்லினம் இரட்டிப்பதில்லை என்பது தமிழ் எழுத்துமரபு. ரகர மெய்யின்பின் இரட்டிக்கும். ஆகவே ‘ஏர்க்காடு’, ‘ஏற்காடு’ என்பன எழுத்தில் வேறுபட்டாலும் இன்றைய பேச்சில் ஒன்றுபோலவே ஒலிப்பன. புணர்ச்சி விதிப்படி றகரம் வரவேண்டுமானால் நிலைமொழி லகர மெய்யில் முடிந்திருக்க வேண்டும்; கல் + கோயில் என்பது கற்கோயில் ஆவது போல. ‘ஏல்’ என்னும் நிலைமொழி இங்குப் பொருந்தாமையின், றகரம் சொற்பிறப்பைக் காட்டுவதன்று, எழுதுவோர் பின்னாளில் தேர்ந்த வடிவம் எனக் கொள்ளலாம்.

ஆங்கில எழுத்துவடிவமும் ஒரு செய்தியைத் தருகிறது. சொல்லின் முதலில் ‘ஒய்’ எழுத்து இடம்பெறுவது, ஏகாரத்தை யகரச் சாயலோடு ஒலிக்கும் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதியதன் விளைவு. ஏலகிரியின் ஆங்கில வடிவமும் அவ்வாறே தொடங்குகிறது. அவ்வடிவத்தில் ரகரத்திற்கும் ககரத்திற்கும் இடையே இகரம் இல்லை. ஐரோப்பியர் இப்பெயரைக் கேட்டு எழுதிய காலத்திலேயே மக்கள் நாவில் இகரமற்ற வடிவம்தான் வழங்கியது என்பதை இது காட்டுகிறது.

ஏரி விளக்கம் இடத்திற்குப் பொருந்துகிறது. ஏர் விளக்கம் ஒலிக்குப் பொருந்துகிறது. ஆனால் இவ்விரு விளக்கத்தினும் முதன்மையானது, இரண்டிற்கும் பொதுவாக நிற்கும் ‘காடு’ என்பதன் பொருள்.

4. ‘காடு’ வனமா, பயிர்நிலமா?

இன்றைய பொதுத்தமிழில் காடு என்றவுடன் மரமடர்ந்த வனமே நினைவிற்கு வரும். சேலம், கொங்கு வட்டாரங்களில் நிலை வேறு. அங்குக் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், தம் நிலத்தில் வேலைசெய்யச் செல்கிறார் என்பதே பொருள். கடலைக்காடு, பருத்திக்காடு, மேட்டாங்காடு என்பன அன்றாட வழக்குகள். வாய்க்கால் பாசனமுள்ள நிலம் வயல், கிணற்றுப் பாசனமுள்ளது தோட்டம், மழையை நம்பியது காடு என்ற மூவகைப் பகுப்பு உழவர் பேச்சில் இன்றும் தெளிவாக உள்ளது. ‘காடுகழனி’ என்னும் இணைமொழியில் காடு புன்செய்யையும் கழனி நன்செய்யையும் குறிப்பதும் இதனாலேயே.

இப்பொருள் புதிதாகத் தோன்றியதன்று. திணைக்கோட்பாட்டில் முல்லை காடும் காடு சார்ந்த இடமும் எனப்படும். அம்முல்லைக்குரிய உணவு வரகும் சாமையும். தொழில்களுள் அவற்றை விதைத்தலும் களைகட்டலும் அடங்கும். பயிர் விளையும் இடமாகவே காடு பழைய இலக்கண மரபிலும் கொள்ளப்பட்டது. மேய்ச்சலும் மானாவாரி உழவும் கலந்த அந்நிலத்திலிருந்தே ‘புன்செய்’ என்ற பொருள் வட்டார வழக்கில் நிலைபெற்றது.

மலை வேளாண்மையில் இச்சொல் மேலும் நுண்மையாகப் பகுக்கப்பட்டது. ஏர் பூட்டி உழத்தக்க நிலம் உழவுக்காடு. ஏர் செல்லாத சரிவுகளில் கொத்திப் பயிரிடப்படும் நிலம் கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு முதலியன இவ்விருவகைக் காட்டிலும் விளைந்தன. கொத்துக்காடு மிகுந்த மலையில், ஏர் பூட்டத்தக்க சமதளம் ‘ஏர்க்காடு’ எனச் சுட்டப்பெறுவதற்கு வாய்ப்பு மிகுதி. ஏரிவிளக்கத்தை ஏற்பினும் ‘ஏரியை அடுத்த பயிர்நிலம்’ என்பதே வட்டார வழக்கிற்கு இயைந்த பொருள்.

இதனை உறுதிசெய்யும் சான்றுகள் மலையூர்ப் பெயர்களிலேயே உள்ளன. ஏற்காடு வட்டாரத்தில் கீரைக்காடு என்னும் ஊர் உண்டு. கொல்லிமலையில் சோளக்காடு என்னும் ஊர் உண்டு. கீரையும் சோளமும் வனத்தில் தாமே வளர்வன அல்ல. இப்பெயர்களில் காடு என்பதற்குப் பயிர்நிலம் என்பதன்றி வேறு பொருள் கொள்ள இயலாது.

அவ்வாறாயின் மரமடர்ந்த இயற்கை வனத்தை இம்மக்கள் எச்சொல்லால் குறித்தனர்? அதற்கும் விடை அதே மலையில் கிடைக்கிறது. ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளுள் ஒன்றன் பெயர் தலைச்சோலை. சோலை என்பது ஓடையை ஒட்டியும் மலைமடிப்புகளிலும் நிற்கும் பசுமைமாறா மரத்தொகுதியைக் குறிக்கும் சொல். மேற்குத் தொடர்ச்சி மலையில் இச்சொல்லையே தாவரவியலார் ‘ஷோலா’ எனக் கலைச்சொல்லாக ஏற்றனர். ஆகவே சேர்வராயன் மலை ஊர்ப்பெயர்களில் சோலை வேறு, காடு வேறு. சோலை தானே வளர்ந்தது. காடு மனிதர் உழைத்து ஆக்கியது. இவ்விரண்டனையும் ஒன்றாக்கி வனம் என மொழிபெயர்ப்பது, பெயரிட்டோர் செய்த பாகுபாட்டை அழிப்பதாகும்.

5. மஞ்சக்குட்டை: நிறமும் நீரும்

மஞ்சக்குட்டை ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளுள் ஒன்று. பெயரின் பிற்பகுதியில் ஐயமில்லை. ஏரியினும் குளத்தினும் சிறிதாய், மழைநீர் தேங்குமிடம் குட்டை. மலையில் ஊர் அமைவதற்குக் கால்நடை நீருண்ணும் குட்டை ஒன்று அருகிருப்பது பெருந்துணை. முற்பகுதியே ஆராய்தற்குரியது. அது ‘மஞ்சள்’ என்பதன் திரிபோ, மேகத்தைக் குறிக்கும் ‘மஞ்சு’ என்பதோ?

பனிமூட்டம் படரும் மலையூருக்கு ‘மஞ்சு தவழும் குட்டை’ எனப் பொருள் கூறுவது இனிமையாக இருக்கலாம். ஆயின் ஒலிமுறை அதனை ஏற்பதில்லை. மஞ்சு என்பதன்பின் குட்டை வந்தால் மஞ்சுக்குட்டை என்றே நிற்கும். பஞ்சுப்பொதி ‘பஞ்சப்பொதி’ ஆகாதது போல, இங்கும் உகரம் அகரமாவதற்குக் காரணமில்லை. மஞ்சள் + குட்டை என்பதோ இலக்கண வழக்கில் மஞ்சட்குட்டை ஆகும்; பேச்சுவழக்கில் ளகரம் கெட்டு மஞ்சக்குட்டை ஆகும். மஞ்சள்தூள் ‘மஞ்சத்தூள்’ என்றும், மஞ்சள்கயிறு ‘மஞ்சக்கயிறு’ என்றும் வழங்குவது இம்முறையே. எனவே மஞ்சள் என்பதே முதனிலை. ஏட்டுவடிவமாகிய மஞ்சட்குட்டை என்பதற்கு மாறாமல், ஊரார் நாவில் நின்ற வடிவமே அரசு ஆவணங்களிலும் ஏறியிருப்பது இப்பெயரின் தனிச்சிறப்பு.

இங்கு மஞ்சள் என்பது நிறமா, கிழங்கா? நிலஅமைப்பு நிறத்திற்கே துணைநிற்கிறது. செம்பாறாங்கல் மண்ணில் இரும்புச் சேர்மங்கள் நீரேறாத நிலையில் சிவப்பாகவும், நீரேறிய நிலையில் மஞ்சளாகவும் தோன்றும். மேட்டில் செம்மண்ணாகக் காணப்படுவது, நீர் தேங்கும் பள்ளத்தில் மஞ்சள் களியாகத் தோன்றுவது இயல்பு. இதே மலையில் செம்மநத்தம், செந்திட்டு என்னும் ஊர்கள் இருப்பதும் கருதத்தக்கது. நத்தம் குடியிருப்பு நிலம், திட்டு மேட்டுநிலம். செம்மை மேட்டோடும் மஞ்சள் குட்டையோடும் இயைந்து வருவது மண்ணறிவியலோடு ஒத்துப்போகிறது. மண்ணின் நிறத்தைப் பார்த்துப் பெயரிடுவோர் அம்மண்ணில் விதைப்பவர்களே. வழிப்போக்கர் கண்ணுக்கு முதலில் தென்படுவது காட்சி. உழவர் கண்ணுக்கு மண். காட்சியைப் பார்த்துப் பெயரிட்டதற்கு ஏற்காட்டிலேயே ‘லேடீஸ் சீட்’, ‘பகோடா பாயிண்ட்’ என்னும் பெயர்கள் சான்று.

6. நாட்டுப்பெயர்கள்: மறைந்துவரும் அடுக்கு

சேர்வராயன் மலையாளிகள் தம் நிலப்பரப்பைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பகுத்திருந்தனர். நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்கு ஊர்க்கவுண்டரும் தலைமை ஏற்று வழக்குத் தீர்த்தலும் விழா நடத்தலும் செய்தனர். இந்நாட்டுப்பெயர்கள் இன்று அரசின் அலகுப் பெயர்களாக இல்லை. வட்டம், ஒன்றியம் ஆகியவற்றுக்கு ஏற்காடு என்னும் பெயரும், ஊராட்சிகளுக்குத் தனித்தனி ஊர்களின் பெயர்களும் அமைந்துவிட்டன.

கொல்லிமலையில் நிலை இதற்கு மாறானது. அங்கு வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு முதலிய பழம்பெயர்களே ஊராட்சிகளின் பெயர்களாகத் தொடர்கின்றன. ஒரே குடியினர் வாழும் இரு மலைகளில் இவ்வேறுபாடு தோன்றியதற்குத் தோட்டப்பயிர் வரலாறு ஒரு முதன்மைக் காரணம் எனலாம். 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைத் தொடங்கிவைத்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. பேருந்து நிலையமும் அலுவலகங்களும் பள்ளிகளும் ஏரியைச் சுற்றியே எழுந்தன. ஓர் ஊரின் பெயர் மலை முழுவதற்கும் ஆகிவரும் அளவிற்கு அவ்வூர் வளர்ந்தது.

7. ஓர் ஒப்பீடு: தென்னாப்பிரிக்காவின் ‘கருநிலம்’

நிலத்தின் தோற்றத்தால் பெயர்பெற்று, அத்தோற்றம் மாறிய பின்னும் பெயர் நிற்கும் நிலைக்குத் தென்னாப்பிரிக்காவில் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கேப் டவுனுக்கு வடக்கே கோதுமை விளையும் பரந்த வட்டாரம் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘ஸ்வார்ட்லண்ட்’ எனப்படும். ‘கருநிலம்’ என்பது பொருள். 1652 இல் கேப் பகுதியில் டச்சுக் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் ரீபெக்கின் காலத்திலிருந்து இப்பெயர் வழங்குகிறது. அங்கு மண் கருநிறமுடையதன்று. அந்நிலத்தை மூடியிருந்த ‘ரெனோஸ்டர்பாஸ்’, அதாவது காண்டாமிருகப் புதர், மழைக்குப்பின் தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் கருமையாகத் தோன்றியதே பெயர்க்காரணம் எனப் பெரும்பாலும் விளக்கப்படுகிறது.

பின்னர் அப்புதர்நிலம் உழப்பட்டுக் கோதுமை வயலாயிற்று. இயற்கையான புதர்நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கினும் குறைவு. அவ்வட்டாரத்தின் முதன்மை ஊர் முதலில் ‘கருநிலத்துத் தேவாலயம்’ என்ற பொருளில் அழைக்கப்பட்டு, 1829 இல் மால்மெஸ்பரி என ஆங்கிலப் பெயர் பெற்றது. ஆயினும் வட்டாரப் பெயர் அழியவில்லை. இன்று அது நகராட்சியின் பெயராகவும், அங்கு விளையும் திராட்சை மதுவின் அடையாளமாகவும் வழங்குகிறது. ‘கருநிலம்’ என்று கேட்போர் மனத்தில் தோன்றுவது கரும்புதரன்று; பொன்னிறக் கோதுமை.

இரு வரலாறுகளையும் எதிரெதிரே வைத்து நோக்கினால் ஒரு தலைகீழ்மை புலப்படும். அங்கு, புதர்மண்டிய நிலத்தைத் தொலைவிலிருந்து கண்ட புதியவர்கள் பெயரிட்டனர். நிலம் பின்னர் வயலாயிற்று. அதற்கு முன் அங்கு மந்தை மேய்த்த கோய்கோய் மக்களின் பார்வை அப்பெயரில் இல்லை. இங்கு, பயிரிட்ட நிலத்தை அருகிருந்து அறிந்தவர்கள் பெயரிட்டனர். பின்வந்தோர் அப்பெயரை வனமென வாசிக்கின்றனர். அங்குப் பெயர் நிற்க நிலம் மாறியது. இங்குப் பெயர் நிற்கப் பொருள் மாறியது.

8. வழக்கின் விரிவும் பிழைவாசிப்பின் விளைவும்

ஏற்காடு என்னும் பெயரின் இன்றைய வழக்கு மலையெல்லையையும் கடந்துவிட்டது. பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் வாழப்பாடி போன்ற சமவெளிப் பகுதியும் அடங்குகிறது. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடும் ஏற்காடு விரைவுவண்டி சேலத்தின் வழியே செல்வது, மலையேறுவதன்று. உழுநிலம் ஒன்றன் பெயர் ஊராகி, மலையாகி, ஆட்சியலகாகி, வண்டியாகவும் ஆயிற்று. வழக்கு விரியுந்தோறும் சொற்பொருள் மங்குவது மொழியின் இயல்பே.

ஆனால் ‘காடு’ என்பதன் பொருள் மங்குவது மொழியளவில் நின்றுவிடுவதில்லை. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொடங்கி, வனம் என வகைப்படுத்தப்பட்ட நிலத்தில் உழுவோர் அந்நிலத்தின் மீது தமக்குள்ள உரிமையை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற முயன்றது. 2005 டிசம்பர் 13 ஆம் நாளுக்கு முன்பிருந்தே நிலத்தைக் கைக்கொண்டுள்ள பழங்குடியினரின் உரிமையை அது ஏற்கிறது. அச்சட்டத்தின் விதிகள், ஆவணங்களோடு மூத்தோர் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. இங்குதான் சொற்பொருள் நேரடியாகப் பயன்படுகிறது. ஒரு முதியவர் ‘இது எங்கள் தாத்தா காலத்துக் காடு’ என்று கூறும்போது, அதனை எழுதிக்கொள்பவர் பொதுத்தமிழ்ப் பொருளில் வனம் எனக் கொண்டால், உரிமைக்குச் சான்றாக வேண்டிய கூற்றே அதற்கு எதிரான சான்றாகிவிடும். வட்டாரப் பொருளில் ‘உழுநிலம்’ எனக் கொண்டால், தலைமுறை கடந்த உழவுக்கு அது சான்றாகும்.

ஊர்ப்பெயர்களின் எழுத்துவடிவத்தில் அரசு கவனம் செலுத்தியதும் உண்டு. தமிழ் ஒலிப்புக்கேற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துவடிவத்தை மாற்றி 2020 ஜூனில் ஆணை வெளியாகி, சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. அப்போதைய விவாதம் பெரிதும் எந்த எழுத்தை இடுவது என்பதைச் சுற்றியே அமைந்தது. எழுத்தினும் பொருள் முதன்மையானது. ஊர்ப்பெயர்களைப் பதிவு செய்வோர், அவ்வூரார் தரும் பொருளையும் பெயருறுப்புகளின் வட்டாரப் பொருளையும் உடன்பதிதல் வேண்டும்.

முடிவுரை

சேர்வராயன் என்பது சேர அரையன் என்னும் தலைமைப் பெயரின் திரிபாதல் ஒலிமுறைக்கும் அருகிலுள்ள மலைப்பெயருக்கும் இயைகிறது. மஞ்சக்குட்டை என்பது மஞ்சள் நிறக் களி படிந்த குட்டையால் அமைந்த பெயர். மஞ்சு என்னும் விளக்கம் புணர்ச்சிக்குப் பொருந்தாது. ஏற்காடு என்பதன் முதனிலை ஏரியாயினும் ஏராயினும், இறுதியில் நிற்கும் காடு பயிர்நிலத்தையே குறிக்கும். கீரைக்காடு, சோளக்காடு என்னும் பெயர்களும், சோலை என்னும் தனிச்சொல் வனத்திற்கு வழங்கியமையும் இதற்குச் சான்று.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளாகிய சித்தேரி, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் ‘காடு’, ‘சோலை’, ‘நத்தம்’, ‘திட்டு’, ‘குட்டை’ என்னும் ஈறுகளைக் கொண்ட பெயர்களை இதே அளவுகோல்களால் தொகுத்து ஆராய்தல் பயன்தரும். அப்பெயர்களை வழங்குவோரும் அவற்றின் வட்டாரப் பொருளை அறிந்த மூத்தோரும் வாழுங்காலத்திலேயே அப்பணி நடைபெற வேண்டும். காராளர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட மக்கள் தாம் உழுத நிலத்துக்கு இட்ட பெயர், அவர்கள் உழவர் என்பதற்குச் சான்றாகவே வாசிக்கப்படுதல் முறை.